கூரைக்கு வந்த படமும் வராத நிரலும்

வீட்டு ஊடக மையம் என்பது ஒரு சிறிய கணினியைத் தொலைக்காட்சித் திரையுடன் இணைத்து, வீட்டில் சேர்த்து வைத்திருக்கும் திரைப்படங்கள், பாடல்கள், குடும்ப நிழற்படங்கள் ஆகியவற்றை ஒரே ரிமோட்டின் கீழ்க் கொண்டுவரும் ஏற்பாட்டைக் குறிக்கும். சேமித்து வைத்ததை எடுத்துக் காட்டும் வரையில் இவ்வேற்பாடு ஒரு நல்ல அலமாரிக்கு மேற்பட்டதன்று. ஓடிக்கொண்டிருக்கும் ஒளிபரப்பையும் அதனுள் கொண்டுவந்து, எந்தச் சேனலில் எப்போது என்ன வரும் என்ற பட்டியலையும் அதனருகே வைத்து, வேண்டியதைத் தானே பதிவு செய்துகொள்ளும்படி பணிக்கும்போதுதான் அது மையம் என்னும் பெயருக்குத் தகுதி பெறுகிறது. இதற்குத் தேவைப்படுபவை இரண்டு: படத்தைச் சுமந்துவரும் அலை, அப்படத்தின் நேரத்தைச் சொல்லும் நிரல். முதலாவது டிஷ், கம்பி, மின்னணுக் கருவி என்று விரிவதால் கடினமாகத் தோன்றும்; இரண்டாவது வெறும் பட்டியல் என்பதால் எளிதாகத் தோன்றும். திண்டுக்கல் சமவெளியில் ஒரு வீட்டில் இதைச் செய்து பார்த்தால் நிலைமை தலைகீழ் என்பது தெரியவரும்.

இப்பகுதியில் தொலைக்காட்சி என்பது நெடுங்காலம் திசையைப் பொறுத்ததாகவே இருந்தது. சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியபோது அதன் அலை சென்னையைச் சுற்றிய வட்டாரத்தைத் தாண்டவில்லை. 1982 பிப்ரவரி 15 அன்று இலங்கையில் ரூபவாஹினி தொடங்கிய பின், தென் தமிழகக் கடலோர ஊர்களில் உயரமான இரும்புக் குழாய்களின் உச்சியில் ஆன்டனாவைக் கட்டி அதைப் பிடித்துப் பார்த்தவர்கள் பலர். பின்னர் கொடைக்கானல் மலையில் தூர்தர்ஷனின் உயர்திறன் ஒளிபரப்பி அமைந்தது. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில், திண்டுக்கல் நகரத்துக்கு மேற்கே நேர்கோட்டில் ஐம்பது கிலோமீட்டருக்குச் சற்றே மேற்பட்ட தொலைவில் அம்மலையூர் இருப்பதால், சின்னாளபட்டி, ஆத்தூர், நிலக்கோட்டை என்று சமவெளி ஊர்களின் மொட்டை மாடிகளிலும் ஓட்டுக் கூரைகளிலும் நின்ற அலுமினியக் குச்சி ஆன்டனாக்கள் மலையைப் பார்த்தே நின்றன. ஜப்பானின் உடா, யாகி என்னும் இருவர் 1926-இல் வெளியிட்ட வடிவம் அது. மாடியில் ஒருவர் குழாயைத் திருக, கூடத்திலிருந்து இன்னொருவர் தெரிகிறதா இல்லையா என்று குரல் கொடுக்க, அந்த ஜப்பானிய அறிவியல் இங்கே வேலை செய்தது.

ஒரே ஒரு சேனல் இருந்த அக்காலத்தில் நிரலுக்கு நாளிதழின் ஒரு சிறு பத்தி போதுமானதாக இருந்தது. 1993 ஏப்ரல் 14 அன்று சன் டிவி தொடங்கி, தெருத்தெருவாகக் கேபிள் ஒயர் மின்கம்பத்திலிருந்து வீட்டுக்குள் இறங்கிய பின்னர் சேனல்கள் பெருகின. தமிழ்நாடு அரசு கேபிள் டிவி நிறுவனம் 2011-இல் மாதம் 70 ரூபாய்க்குத் தொண்ணூறு சேனல்கள் என்ற கட்டணத்துடன் புத்துயிர் பெற்று, 2017-இல் டிஜிட்டல் முறைக்கு மாறி, செட்டாப் பாக்ஸ்களை வழங்கத் தொடங்கியது. படத்தை அலையின் ஏற்ற இறக்கமாகவே அனுப்பிய பழைய அனலாக் முறைக்குப் பதிலாக, படத்தை எண்களாக்கிச் சுருக்கி அனுப்புவது டிஜிட்டல் முறை. எண்களாக அனுப்பும்போது படத்துடன் எழுத்தையும் அனுப்பலாம் என்பதால், நிகழ்ச்சி நிரலும் அதே ஒயரில் வந்து பெட்டிக்குள் உட்கார்ந்துகொண்டது. பெட்டிக்குள் உட்கார்ந்தது வெளியே வருவதில்லை என்பதுதான் பின்னால் வந்த சிக்கல்.

கொடைக்கானலைப் பார்த்து நின்ற குச்சிகளுக்கு இப்போது வேலையில்லை. தூர்தர்ஷனின் அனலாக் தரைவழி ஒளிபரப்பு, சில இடங்கள் நீங்கலாக, 2022 மார்ச்சுக்குள் நாடெங்கும் நிறுத்தப்பட்டது. ஆகவே திண்டுக்கல்லில் ஊடக மையம் அமைக்க விரும்புபவருக்கு, மாதக் கட்டணமின்றி, பூட்டில்லாமல் கிடைக்கும் அலை என்று எளிதில் எட்டுவது பிரசார் பாரதியின் டிடி ஃப்ரீ டிஷ்தான். 2004 டிசம்பரில் டிடி டைரக்ட் பிளஸ் என்னும் பெயரில் தொடங்கிய இச்சேவை, 2015 நவம்பரில் தென் அமெரிக்காவின் கூரூ ஏவுதளத்திலிருந்து ஏரியன்-5 ஏவூர்தி கொண்டுசென்ற ஜிசாட்-15 செயற்கைக்கோளின் வழியே இப்போது வருகிறது. நிலநடுக்கோட்டுக்கு மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில், கிழக்குத் தீர்க்கரேகை 93.5 பாகையில், பூமியுடன் சேர்ந்தே சுழல்வதால் அது வானத்தில் ஆணியடித்தது போல ஓரிடத்தில் நிற்கிறது.

திண்டுக்கல் நகரம் வடக்கு அட்சரேகை 10.4 பாகையையும் கிழக்குத் தீர்க்கரேகை 78 பாகையையும் ஒட்டி அமைந்திருப்பதைக் கொண்டு கணக்கிட்டால், அக்கோள் இருக்கும் திசை வடக்கிலிருந்து வலமாக 123 பாகை, அதாவது தென்கிழக்கிலிருந்து சற்றே கிழக்கு நோக்கி ஒதுங்கியது. அதன் ஏற்றம் அடிவானத்திலிருந்து ஏறத்தாழ 68 பாகை, அதாவது தலைக்கு மேல் முக்கால் வானம். நகரின் தெற்கிலும் தென்கிழக்கிலும் சிறுமலைத் தொடர் மறித்து நிற்பதைக் கண்டு அது அலையை மறைக்குமோ என்று ஐயுற வேண்டியதில்லை. மலை மறைப்பது அடிவானத்தையொட்டிய சில பாகைகளை மட்டுமே. மலைகளை எண்ணி ஆன்டனா வைத்த தலைமுறைக்கு இது வியப்பாக இருக்கலாம். இன்று மறைப்பவை வேப்பமரத்துக் கிளையும், தென்னை மட்டையும், பக்கத்து வீட்டில் புதிதாக எழுந்த இரண்டாம் மாடியும்தான். கடைகளில் விற்கும் டிஷ்கள் குவியப் புள்ளியைக் கீழ்ப்பக்கம் தள்ளி வைத்தவை என்பதால், டிஷ்ஷின் முகம் பார்ப்பது போலத் தோன்றும் திசை உண்மைத் திசைக்கு இருபது பாகைக்கு மேல் தாழ்ந்தே இருக்கும். முதன்முறை தாமே டிஷ் பொருத்துபவர்கள் தவறுவது பெரும்பாலும் இங்கேதான்.

டிஷ் குவிக்கும் அலையை வாங்கிக்கொள்வது அதன் முன் நீட்டிக்கொண்டிருக்கும் எல்.என்.பி. என்னும் சிறு கருவி. கோளிலிருந்து வரும் அலை வினாடிக்கு ஆயிரம் கோடி முறைக்கு மேல் அதிர்வது. அத்தனை விரைவான அதிர்வைச் சாதாரண ஒயர் சில மீட்டருக்குள் விழுங்கிவிடும் என்பதால், எல்.என்.பி. அதை ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு விரைவுக்குத் தாழ்த்தி ஒயரில் இறக்குகிறது. அலை நிமிர்ந்து அதிர்வது, படுத்து அதிர்வது என்று இரு வகையாக வருவதால், எந்த வகை வேண்டும் என்பதைக் கீழேயுள்ள கருவி 13 வோல்ட் அல்லது 18 வோல்ட் மின்னழுத்தத்தை அதே ஒயரில் மேலே அனுப்பித் தெரிவிக்கிறது. அதிர்வின் சாய்வுக்கு ஏற்ப எல்.என்.பி.யைத் திருகி வைக்கவும் வேண்டும். மழைத்துளிகள் இவ்வலையை உறிஞ்சக்கூடியவை என்பதால், வடகிழக்குப் பருவமழை கொட்டும் ஐப்பசி மாலைகளில் படம் சில நிமிடம் கட்டம் கட்டமாக உடைவது இயல்பு. மார்ச் நடுப்பகுதியிலும் செப்டம்பர் இறுதியிலும் சில நாட்கள், முற்பகல் பதினோரு மணியையொட்டிச் சூரியன் நேராகக் கோளுக்குப் பின்னால் வந்து நிற்கும்போதும் சில நிமிடம் அலை மங்கும். அப்போது டிஷ்ஷைத் திருப்ப மாடி ஏறுவது வீண்.

ஒயர் வந்து சேரும் இடம் டியூனர். செட்டாப் பாக்ஸுக்குள் இருக்கும் அலை வாங்கும் பகுதியை மட்டும் தனியே எடுத்து, கணினியின் யுஎஸ்பி துளையிலோ உள்ளே ஒரு அட்டையாகவோ பொருத்திக்கொள்ளும் கருவி இது. டியூனரை வாங்கும்போது செயற்கைக்கோள் வகையா, கேபிள் வகையா, தரைவழி வகையா என்பதைப் பார்க்காமல் வாங்கினால் பணம் வீண்; மூன்றுக்கும் அலையை எண்ணாக்கும் முறை வேறு. டியூனர் ஒரு நேரத்தில் ஒரு டிரான்ஸ்பாண்டரை மட்டுமே பிடிக்கும் என்பது பலருக்குக் குறையாகத் தோன்றும். டிரான்ஸ்பாண்டர் என்பது கோளில் ஒரு குறிப்பிட்ட அலைவரிசையில் இயங்கும் திருப்பி அனுப்பும் கருவி. ஆனால் டிஜிட்டல் முறையில் ஒரு டிரான்ஸ்பாண்டருக்குள் பத்துப் பதினைந்து சேனல்கள், சில வேளை அதற்கும் மேல், ஒரே பேருந்தில் ஏறிய பயணிகளைப் போலச் சேர்ந்து வருவதால், ஒரே டியூனர் அப்பேருந்திலுள்ள நான்கைந்து சேனல்களை ஒரே நேரத்தில் பதிவு செய்ய முடியும். விலை கொடுத்து வாங்கிய பல பெட்டிகளாலும் செய்ய முடியாத வேலை இது.

டியூனர் வாங்கும் எண்களின் ஓட்டத்தைப் பிரித்துக் கொடுப்பது டிவிஹெட்எண்ட் என்னும் இலவச மென்பொருள். லினக்ஸ் இயங்குதளத்தில் ஓடும் இதை ஒரு பழைய மடிக்கணினியிலோ, உள்ளங்கையளவுள்ள ராஸ்பெரி பை போன்ற சிறு கணினியிலோ நிறுவி, வீட்டு வைஃபையில் உள்ள வேறொரு கணினியின் உலாவி வழியே 9981 என்ற வாயில் எண்ணில் திறந்தால் அதன் அமைப்புப் பக்கம் வரும். முதலில் எந்தக் கோள் என்பதைச் சொல்லி, பின் டிரான்ஸ்பாண்டர்களின் அலைவரிசைகளை உள்ளிட்டு, ஒவ்வொன்றாகத் தேடச் சொன்னால், அவற்றிலுள்ள சேனல்களின் பெயர்கள் தாமாக வந்து சேரும். வேண்டியவற்றைத் தேர்ந்து எண்ணிட்டுக் கொள்ளலாம். திரையில் காட்டும் பொறுப்பு கோடி என்னும் மற்றொரு மென்பொருளுக்கு உரியது. மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் விளையாட்டுக் கருவிக்காகத் தன்னார்வலர்கள் இருபதாண்டுகளுக்கு முன் எழுதத் தொடங்கிய எக்ஸ்பிஎம்சி, 2014-இல் பெற்ற பெயர் இது. எண்ணையும் புத்தாடையையும் தெருமுனையையும் ஒரே சொல்லால் குறிக்கும் தமிழருக்கு நான்காவதாக ஒரு பொருள். டிவிஹெட்எண்ட் சமையலறை, கோடி பந்தி. சமையலறை ஒன்றே போதும், பந்தியைக் கூடத்துத் திரையிலும் கைப்பேசியிலும் தனித்தனியே விரித்துக்கொள்ளலாம்.

இவ்வளவும் நிறைவேறிய பின் திரையில் எது தெரியும் என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். டிடி ஃப்ரீ டிஷ்ஷில் பெரும்பங்கு இந்திச் சேனல்கள். தமிழுக்கு 2024 ஜனவரி வரை பொதிகை என்று அழைக்கப்பட்ட டிடி தமிழும் வேறு மிகச் சிலவுமே கிடைக்கும். மக்கள் பணம் கட்டிப் பார்க்கும் சன், விஜய், ஜீ தமிழ் முதலியவை கேபிளிலும் கட்டண டிடிஎச் சேவைகளிலும் பூட்டப்பட்டே வருகின்றன. பூட்டு என்பது எண்களைக் குலைத்து அனுப்பி, சந்தாதாரரின் பெட்டியிலுள்ள அட்டையோ மென்பொருளோ மட்டும் அதைச் சீராக்கும்படி செய்யும் முறை. அதை உடைத்துக் காட்டுவதாகச் சொல்லும் வழிகளும், எங்கோ திருடிய சேனல்களை நூற்றுக்கணக்கில் தரும் பட்டியல்களும் சந்தையில் உலவுகின்றன. 2012-இல் பதிப்புரிமைச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 65ஏ பிரிவு, உரிமையை மீறும் நோக்குடன் இத்தகைய தொழில்நுட்பக் காப்பை உடைப்பதைத் தண்டனைக்குரியதாக்குகிறது. அதே சட்டத்தின் 39-ஆம் பிரிவோ, ஒளிபரப்பை ஒருவர் தம் சொந்தப் பயனுக்காகப் பதிவு செய்துகொள்வது ஒளிபரப்பாளரின் உரிமையை மீறுவதாகாது என்கிறது. முறையாகச் சந்தா கட்டிய பெட்டியின் மஞ்சள், சிவப்பு, வெள்ளைத் துளைகளிலிருந்து வரும் பழைய வகைப் படத்தை ஒரு சிறு கருவியால் கணினிக்குள் வாங்கி, ரிமோட்டின் அகச்சிவப்பு ஒளியைக் கணினியே உமிழ்ந்து சேனலை மாற்றும்படி செய்து பதிவு செய்யும் சுற்றுவழியும் உண்டு. படம் சற்று மங்கலாகத்தான் இருக்கும்.

செய்திச் சேனல்களுக்கு இப்பாடு தேவையில்லை. தமிழ்ச் செய்திச் சேனல்கள் பலவும் யூடியூபில் நேரலையாகவே கிடைக்கின்றன. பிரசார் பாரதி 2024 நவம்பரில் தொடங்கிய வேவ்ஸ் செயலியிலும் நேரலைச் சேனல்கள் உண்டு. இணையம் வழி வருபவற்றின் குறை, அவை பின்தங்கி வருவது: கிரிக்கெட் நாளில் பக்கத்து வீட்டுக் கூச்சல் முதலிலும் விக்கெட் பிறகும் வந்து சேரும்.

இனி நிரல். செயற்கைக்கோள் ஒளிபரப்புக்கு இந்தியா பின்பற்றுவது டிவிபி என்னும் ஐரோப்பியத் தரம். அதன்படி படமும் ஒலியும் 188 பைட் நீளமுள்ள சிறு பொட்டலங்களாக வெட்டி அனுப்பப்படுகின்றன. ஒவ்வொரு பொட்டலத்தின் தலையிலும் அது எவருக்குரியது என்ற எண் இருக்கும். அவற்றுள் 18 என்ற எண் நிகழ்ச்சித் தகவலுக்கென்றே ஒதுக்கப்பட்டது. ஒளிபரப்பாளர் விரும்பினால், இப்போது ஓடுவது எது, அடுத்து வருவது எது என்பதையும், இனிவரும் பல நாட்களின் முழு நிரலையும் அப்பொட்டலங்களில் வைத்து அனுப்பலாம். விரும்பினால் என்ற சொல்லில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. அனுப்புவது ஒளிபரப்பாளருக்கு உபரி வேலை. அனுப்பாவிட்டால் படம் ஒன்றும் நின்றுவிடப் போவதில்லை. ஆகவே இலவசச் சேனல்களைத் தொகுத்து வைத்து டிவிஹெட்எண்டின் நிரல் கட்டத்தைத் திறந்தால், சில சேனல்களின் எதிரே இப்போது, அடுத்து என்ற இரண்டு வரிகளும், பலவற்றின் எதிரே வெற்றுக் கட்டங்களுமே தெரிகின்றன. சில வேளை நிகழ்ச்சியின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் சேனலின் பெயரே மீண்டும் எழுதப்பட்டிருக்கும். வரவேற்பறையில் விருந்தினரின் பெயரைக் கேட்டதற்கு வீட்டின் பெயரைச் சொன்னது போல.

வரும் பெயர்களும் பெரும்பாலும் ஆங்கில எழுத்தில் வருவதற்கு ஒளிபரப்பாளரின் மெத்தனம் மட்டுமே காரணமன்று. டிவிபி தரம் வகுக்கப்பட்டபோது இலத்தீன், கிரேக்கம், அரபு முதலிய எழுத்துகளுக்குத் தனித்தனிக் குறியீட்டு அட்டவணைகள் தரப்பட்டன. தமிழுக்கு அப்படி ஒன்றில்லை. தமிழை யூனிகோடின் யுடிஎஃப்-8 போன்ற வடிவத்தில்தான் எழுத முடியும். அவ்வடிவத்தில் ஆங்கில எழுத்து ஒவ்வொன்றும் ஒரு பைட் இடம் பிடிக்க, தமிழின் ஒவ்வொரு குறியீடும் மூன்று பைட் பிடிக்கிறது. புள்ளியும் கொம்பும் காலும் தனித்தனிக் குறியீடுகள். தூர்தர்ஷன் என்ற சொல் எண்ணிப் பார்த்தால் ஆறு எழுத்து, கணினிக்குப் பத்துக் குறியீடு, ஒளிபரப்பில் முப்பது பைட். நிகழ்ச்சியின் பெயருக்கும் சுருக்கத்துக்கும் சேர்த்து ஒதுக்கிய குறுந்தகவல் பகுதியின் உச்ச அளவோ 255 பைட். ஆங்கிலத்தில் மூன்று நான்கு வரி அடங்கும் அப்பகுதியில் தமிழில் எண்பது சொச்சம் குறியீடுகளே அடங்கும். நீண்ட விளக்கத்துக்கு வேறு பகுதி உண்டென்றாலும் அதை நிரப்புவார் அரிது. தப்பித் தவறித் தமிழில் வந்தாலும், எழுத்துகளை ஒருங்கிணைத்து வரையத் தெரியாத பழைய மென்பொருள்களில் கொம்பு தனக்குரிய எழுத்தின் பின்னால் போய் நின்று படிப்பவரைக் குழப்பும்.

ஒளிபரப்பில் வராத நிரலை வெளியிலிருந்து கொண்டுவந்து ஊட்டுவதற்கென்று உலகெங்கும் பயன்படும் வடிவம் எக்ஸ்எம்எல்டிவி. இது ஒரு வெறும் எழுத்துக் கோப்பு. யாரும் திறந்து படிக்கலாம், எழுதலாம். மேற்பகுதியில் சேனல்களின் அடையாளமும் பெயரும். அதன் கீழ் ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் தொடக்கம், முடிவு, சேனல், தலைப்பு, விருப்பமானால் விளக்கம். 2025-ஆம் ஆண்டுப் பொங்கல் நாள் மாலை ஆறரை மணி என்பதை அக்கோப்பு 20250114183000 +0530 என்று எழுதும்: ஆண்டு, திங்கள், நாள், மணி, நிமிடம், நொடி, அதன் பின் உலகப் பொது நேரத்திலிருந்து இந்திய நேரம் விலகும் ஐந்தரை மணி. இந்த ஐந்தரையை எழுதாமல் விடுவதுதான் ஊடக மையம் அமைப்போர் செய்யும் பிழைகளிலெல்லாம் தலையாயது. அதை விட்டுவிட்டால், மாலை ஆறரைக்குரிய நாடகம் நள்ளிரவு பன்னிரண்டுக்கு என்று நிரல் காட்டும். மையமும் சொன்னபடி நள்ளிரவில் விழித்தெழுந்து, அப்போது ஓடும் விற்பனை விளம்பரத்தைப் பழுதின்றிப் பதிவு செய்து வைக்கும்.

இக்கோப்பை நிரப்பும் தரவு எங்கிருந்து வரும் என்பதில்தான் நாடுகள் வேறுபடுகின்றன. நிரல் ஒரு செய்தியா, சொத்தா என்ற வழக்கு பழையது. பிரிட்டனில் பிபிசி தன் நிரலைத் தனது ரேடியோ டைம்ஸ் இதழிலும், தனியார் தொலைக்காட்சிகள் தங்கள் நிரலை டிவி டைம்ஸ் இதழிலும் மட்டுமே வார முழுமைக்கும் வெளியிட்டு வந்ததால், எல்லாச் சேனல்களுக்கும் ஒரே வார இதழ் என்பது 1991-இல் சட்டம் மாறும் வரை அங்கே கிடைக்கவில்லை. அயர்லாந்தில் மகில் என்னும் இதழ் அப்படி ஒன்றை வெளியிட முயன்று தடுக்கப்பட்டு, அவ்வழக்கு ஐரோப்பிய நீதிமன்றம் வரை சென்று, நிரலைத் தர மறுத்தது ஆதிக்க நிலையைத் தவறாகப் பயன்படுத்தியதாகும் என்று 1995-இல் தீர்ப்பாயிற்று. ஆஸ்திரேலியாவில் ஐஸ் டிவி என்னும் நிறுவனம் பதிவுக் கருவிகளுக்கென்று நிரல் தொகுத்து விற்றபோது நைன் நெட்வொர்க் வழக்குத் தொடுத்தது. ஒரு நிகழ்ச்சி இந்த நேரத்தில் வரும் என்பது வெறும் தகவல், அதை எடுத்தாள்வது பதிப்புரிமை மீறலாகாது என்று அந்நாட்டு உயர் நீதிமன்றம் 2009-இல் சொன்னது. அமெரிக்காவில் இலவசமாக நிரல் தந்துவந்த ஒரு சேவை 2007-இல் நின்றுபோக, இத்தகைய மென்பொருள்களை எழுதியவர்களே கூடி ஷெட்யூல்ஸ் டைரக்ட் என்னும் இலாப நோக்கற்ற அமைப்பைத் தொடங்கி, ஆண்டுச் சந்தா வசூலித்து நிரலை விலைக்கு வாங்கிப் பகிர்ந்துகொள்கின்றனர். நிரல் நின்றால் மையம் எப்படி முடங்கும் என்பதற்கு மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் மீடியா சென்டர் சான்று: டியூனர் வேலை செய்தது, மென்பொருளும் ஓடியது, 2020 ஜனவரியில் நிறுவனம் நிரல் அனுப்புவதை நிறுத்தியதும் கட்டங்கள் வெறுமையாயின.

தமிழ்நாட்டில் ஷெட்யூல்ஸ் டைரக்ட் போன்ற கூட்டு முயற்சி வேரூன்றவில்லை. வானொலிக் காலத்தில் நிலைமை இதைவிடச் சீராக இருந்தது என்பது சற்றே வெட்கத்துக்குரியது: 1927-இல் பம்பாயில் தொடங்கிய இந்தியன் ரேடியோ டைம்ஸின் வழியில், அகில இந்திய வானொலி தமிழில் வானொலி என்றே பெயரிட்ட இதழை வெளியிட்டு, நிலையங்களின் நிகழ்ச்சிகளை முன்கூட்டியே அச்சிட்டுத் தந்தது. இன்று கட்டணச் சேவைகள் தங்கள் பெட்டிகளுக்கும் செயலிகளுக்கும் முழு வார நிரலை வைத்திருந்தும், அதைப் பொதுவில் எவரும் எடுத்தாளத்தக்க கோப்பாக வெளியிடுவதில்லை. பெட்டிக்குள்ளேயே பார்வையாளரை வைத்திருக்க நினைக்கும் வணிகத்துக்கு அது இயல்பே. பொதுப்பணத்தில் இயங்கும் டிடி தமிழ் தன் வார நிரலை எக்ஸ்எம்எல்டிவி கோப்பாக நாள்தோறும் வெளியிடுவதற்கு மட்டும் தடையேதும் இருப்பதாகத் தெரியவில்லை. செலவு என்று பார்த்தால் ஒரு தட்டச்சரின் அரைமணி நேரம்.

ஆனால் நிரல் இல்லாமலே தமிழர் தொலைக்காட்சி பார்த்து வந்திருக்கிறார்கள் என்பதையும் மறக்கலாகாது. திங்கள் முதல் சனி வரை ஒரே நேரத்துக்கு ஒரே தொடர் என்னும் ஒழுங்கு நாளிதழ்ப் பத்தியையே தேவையற்றதாக்கிவிட்டது. வீடுகளில் தொடர்களைத் தலைப்பைச் சொல்லாமல் ஏழு மணி நாடகம், ஒன்பது மணி நாடகம் என்று நேரத்தால் அழைப்பதே வழக்கம். நிரல் மனப்பாடமாக இருந்தது, பெயர்தான் மறந்துபோனது. இவ்வழக்கமே ஊடக மையத்துக்கும் கைகொடுக்கிறது. வார நிரலில் பெரும்பகுதி மாறாதது என்பதால், ஒரு முறை உட்கார்ந்து ஆறேழு சேனல்களின் நிலையான நேரங்களை ஒரு அட்டவணையாகத் தட்டச்சு செய்து, அதை எக்ஸ்எம்எல்டிவி கோப்பாக மாற்றி ஒவ்வொரு வாரத்துக்கும் தேதியை மட்டும் நகர்த்தித் தரும் இருபது முப்பது வரிக் கணினிக் கட்டளைகளை எழுதினால், கட்டங்கள் நிரம்பிவிடும். திண்டுக்கல் பகுதிப் பொறியியல் கல்லூரிகளில் முதலாண்டு படிக்கும் மாணவர் எவரும் செய்யத்தக்க வேலை அது. மாறுபவை பண்டிகை நாள் சிறப்பு நிகழ்ச்சிகளும் ஞாயிற்றுக்கிழமைப் படங்களும்தான். அவற்றை நாளிதழைப் பார்த்துத் திருத்திக்கொள்ள வேண்டும். தமிழிலேயே தலைப்புகளைத் தட்டச்சு செய்யலாம் என்பது கையால் செய்வதில் கிடைக்கும் இலாபம். இக்கோப்புக்கு 255 பைட் வரம்பு இல்லை.

நிரல் நிரம்பிய பின் பதிவு எளிது. தலைப்பைத் தேர்ந்து தொடராகப் பதிவு செய்யச் சொன்னால், அப்பெயர் வரும் இடமெல்லாம் மையம் தானே பதிவு செய்யும். கையால் எழுதிய நேரம் நொடிக்கணக்கில் துல்லியமாக இராது என்பதால், தொடக்கத்துக்கு முன் ஐந்து நிமிடமும் முடிவுக்குப் பின் பத்து நிமிடமும் கூட்டிப் பதிவு செய்யும்படி அமைத்துக்கொள்வது நலம். வினாடிக்கு மூன்று மெகாபிட் அளவில் வரும் சாதாரணத் தரப் படம் மணிக்கு ஏறத்தாழ 1.35 ஜிபி இடம் கொள்ளும். ஒரு டெராபைட் வட்டில் எழுநூறு மணி நேரத்துக்கு மேல் அடங்கும். இடத்தைவிட மின்சாரமே இங்கு கவலை தருவது. பராமரிப்புக்கென்று துணைமின் நிலையம் முற்பகலில் நிறுத்தப்படும் நாட்களில் ஊடக மையமும் அதன் டியூனரும் வீட்டு இன்வெர்ட்டரில் இணைக்கப்பட்டிருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். மின்விசிறிக்கும் விளக்குக்கும் இன்வெர்ட்டர் இணைப்புக் கொடுத்து, டிவி இருக்கும் பிளக் பாயிண்டை விட்டுவிடும் வீடுகள் மிகுதி.

எந்தக் கோப்பிலும் அடங்காத ஒன்று மிச்சமிருக்கிறது. கேபிள்காரர்கள் நடத்தும் லோக்கல் சேனல்கள் கோளிலும் இல்லை, நிரலிலும் இல்லை. ஊருக்குள் ஓடும் ஒயரில் மட்டும் வாழ்பவை. திரையின் அடியில் நகைக்கடை, ஜவுளிக்கடை விளம்பரம் ஓட, மேலே பழைய படமோ உள்ளூர்க் கோயில் திருவிழாவோ ஓடும். எத்தனை மணிக்குத் தொடங்கும் என்பது அம்மன் புறப்படும் நேரத்தைப் பொறுத்தது. திண்டுக்கல் கோட்டை மாரியம்மன் மாசித் திருவிழாவைப் பதிவு செய்ய விரும்பும் வீட்டார், நிரல் கட்டத்தை மூடிவிட்டு, டிவிஹெட்எண்டின் நேரப் பதிவுப் பக்கத்தைத் திறந்து, கேபிள் பெட்டியிலிருந்து படம் வாங்கும் கருவியைத் தேர்ந்து, தொடக்கம் மாலை ஐந்து, முடிவு இரவு பன்னிரண்டு என்று தாராளமாகவே எழுதி வைக்க வேண்டியிருக்கும்.